நேர்ச்சை மோர்

சேசு மரி சூசை

பென்னாகரம்
8-7-1969

அன்புள்ள ஜுபைதாவுக்கு,

மதலேனம்மாள் அத்தை எழுதுகிறேன். எப்போதும் "உன் அம்மா சொல்வது" என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தக் கடிதத்தில் உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் இத்தனை வருஷமாக உனக்கு நான் எழுதிக்கொடுத்தேன். இப்போது ஜான் பீ என் வாசற்படி மிதிப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எருமையிடம் பேசுகிறாள், என் காதில் விழுகிற மாதிரி. "மனுசங்களை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்கிறாள். எருமை என்ன பதில் சொல்லும்?

விஷயம் இதுதான். ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா வழக்கம்போல நடந்தது. நான் மோர்ப் பந்தல் போட்டேன். அந்த நேர்ச்சை உனக்குத் தெரியும். என் மகன் அல்போன்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோது நான் காய்ச்சலில் கிடந்து, சாமியார் வந்து கடைசி மந்திரம் சொல்லி, சவப்பெட்டிக்குப் பலகை பார்க்கப் போய்விட்டார்கள். அப்போது வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்தால் வருஷா வருஷம் உபவாசமிருந்து, என் கையாலேயே மோர் கரைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறேன் என்று. எழுந்தேன். ஒரு வருஷமும் தவறவில்லை. தயிர் எப்போதும் உங்கள் வீட்டுத் தயிர்தான்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் தெருவில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். கோடி வீட்டுப் புது மருமகள் தங்கம்மாளைத் தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாளாம், ஆண்டவருக்கு நன்றி. பஸ் ஸ்டாண்டு பக்கமும் நாலைந்து பேர் படுத்திருக்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் வந்து விசாரித்தார். சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, மோர் மட்டும்தான் அடுப்பு காணாதது என்றார். தயிர் யாருடையது? ஜான் பீயுடையது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கும் பால் ஜான் பீ. அன்றைக்கே அவள் பாலை நிறுத்திவிட்டார்.

என்னிடம் தெருவில் கேட்டார்கள். "கோடையில எருமை பால் வத்திப்போகும், கொஞ்சம் ஏரித் தண்ணி கலந்திருப்பாளோ என்னமோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நானும் பால் வாங்குவதை நிறுத்தினேன், எல்லோரும் நிறுத்தும்போது நான் மட்டும் எப்படி வாங்குவது?

நீ அவளுக்கு எடுத்துச் சொல்லு. கொஞ்சம் தண்ணீர் கலந்தேன் என்று ஒப்புக்கொண்டு போகட்டும். யார்தான் கலக்கவில்லை?

எனக்கு மறுபடி அந்த வாயுப் பிடிப்பு, வலது விலாவுக்குக் கீழே. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வருகிறது. மற்றபடி திடமாக இருக்கிறேன்.

அத்தை,
மதலேனம்மாள்


786

சென்னை
15-7-1969

மதலேனம்மாள் அத்தைக்கு ஜுபைதா எழுதுவது.

கடிதத்தை ஹாஸ்டல் வாசலில் நின்றே படித்தேன். அப்புறம் சாப்பிடப் போகவில்லை.

அம்மா கறக்கும் முன் எருமையின் மடியைச் சுடுதண்ணீரில் கழுவுவாள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சுடுதண்ணீருக்குச் சுள்ளி போதாமல் உங்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப்போவாள். நீங்கள்தானே எடுத்துக் கொடுப்பீர்கள்? "அவ்வளவுதான் சொன்னேன்" என்கிறீர்கள். மூன்றாம் தெருக்காரர் சொன்னால் அது வம்பு. சுவரை ஒட்டி இருக்கும் நீங்கள் சொன்னால் அது சாட்சி. அம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கோபமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். இல்லை, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ச்சல்காரர்களிடம் எடுத்த ரத்தத்தில் வளர்ந்த கிருமிகள் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே வந்திருக்கின்றன. டைபாய்டுக் கிருமி எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் குலம் கோத்திரம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க டெல்லியிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் ஒரு பொருள் வருகிறது. அதற்குப் பேஜ் என்று பெயர். கிருமியைத் தின்னும் கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குப்பியில் உள்ளது ஒரு குலத்தை மட்டும் தின்னும், அடுத்த குலத்தைத் தொடாது. எந்தக் குப்பிக்கு எந்தக் கிருமி செத்தது என்று பார்த்தால் யாருடைய காய்ச்சல் யாருடைய காய்ச்சலுக்கு உறவு என்று தெரிந்துவிடும்.

அம்மாவின் பாலால் வந்ததென்றால், உங்கள் தெருக் காய்ச்சலும் பஸ் ஸ்டாண்டுக் காய்ச்சலும் ஒரே குலமாக இருக்க வேண்டும். என் அம்மா சம்பந்தப்பட்டது என்பதால் நான் தொட மாட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மாவே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஜுபைதா


சேசு மரி சூசை

பென்னாகரம்
24-7-1969

ஜுபைதாவுக்கு,

மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லையா? உனக்குத் தலை பின்னிவிட்ட கை இது. சென்னைக்குப் போனதும் வாய் நீண்டுவிட்டது. இருக்கட்டும்.

நான் வேண்டுமென்றா சொன்னேன்? கேட்டார்கள், வாயில் வந்தது. சொன்னதைத் தெரு பிடித்துக்கொண்டது. இப்போது நானே போய் இல்லை என்றால் என்னைப் பைத்தியம் என்பார்கள். உன் அம்மாவும் லேசுப்பட்டவளா? என் கோழி அவள் பக்கம் போனால் கல்லெடுத்து வீசுகிறாள். கோழியா ஏரித் தண்ணீர் என்று சொன்னது?

கிருமியைத் தின்னும் கிருமி என்று நீ எழுதியதைச் சாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "படிச்ச பொண்ணு பொய் சொல்லாதுங்கம்மா" என்றார். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அப்படித் தின்னுகிற பிராணி கையில் இருக்கும்போது அதையே ஒரு சங்கு எடுத்துத் தங்கம்மாளுக்குப் புகட்டினால் என்ன? ஏன் மாத்திரை கொடுத்து அந்தப் பெண்ணைச் சக்கையாக்குகிறார்கள்? பாவம், முடியெல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. உனக்கு உதிர்ந்த மாதிரியே.

உன் டாக்டரம்மா என்ன சொல்கிறாரோ எழுது. ஏரித் தண்ணீர் என்று வந்தால் நான் சொன்னது சரி என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

மதலேனம்மாள்


786

சென்னை
12-8-1969

அன்புள்ள அத்தைக்கு,

முடிவு வந்துவிட்டது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுத் தட்டுகளைக் காட்டினார். கண்ணாடித் தட்டில் கிருமி வளர்ந்தால் பாலாடை படர்ந்த மாதிரி இருக்கும். பேஜைத் துளித் துளியாக அதன் மேல் விடுவார்கள். தின்னத் தெரிந்த துளி விழுந்த இடத்தில் ஆடை கரைந்து வட்டமாகத் தெளிந்துவிடும். உங்கள் தெருக்காரர்கள் எல்லோர் தட்டிலும் ஒரே துளியின் இடத்தில் வட்டம். அது ஓ வகையாம். பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் தட்டில் அந்த இடம் அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது, வேறொரு துளிதான் தின்றிருக்கிறது. அது ஈ-1 வகை. இரண்டு காய்ச்சலும் பக்கத்துப் பக்கத்தில் வந்த அந்நியர்கள், அத்தை. பாலால் வந்திருந்தால் இப்படி இருக்காது. தினம் அம்மாவிடம் பால் வாங்கி, திருவிழாவுக்கு வராத வீடுகளில் ஒருவர்கூடப் படுக்கவில்லை என்று இன்ஸ்பெக்டரும் எழுதியிருக்கிறார். தடையை எடுத்துவிடச் சொல்லி டாக்டரம்மா அவருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

தங்கம்மாளுக்குப் புகட்டினால் என்ன என்று கேட்டீர்களே, டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முன்பு ஒரு காலத்தில் காலராவை நிறுத்த அஸ்ஸாம் பக்கம் பேஜைக் கிணறுகளில் ஊற்றியே பார்த்தார்களாம். டைபாய்டு உடம்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, இது அங்கே எட்டுவதில்லை. பேஜ் கிருமிக்குள் புகுந்து பெருகி, அதன் தோலைக் கரைக்கிற சத்து ஒன்றைச் சுரந்து, வெடித்து வெளியே வருகிறது. அந்தச் சத்தை மட்டும் பிரித்து மருந்தாக்க முடியுமா என்று வெளிநாட்டில் யோசிக்கிறார்களாம். "உங்க அத்தை கேட்டது சரியான கேள்வி, கொஞ்சம் சீக்கிரமாக் கேட்டுட்டாங்க" என்றார்.

இனி இரண்டு காரியம். திருவிழாவில் சமைத்தவர்கள், பரிமாறியவர்கள் யாரோ ஒருவர் உடம்பில் நோயில்லாமலே கிருமி குடியிருக்கிறது. அவர்களுக்கே தெரியாது. எல்லோருடைய மலமும் சோதனைக்கு வேண்டும். குப்பிகளை இன்ஸ்பெக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். வெட்கப்படாமல் உதவி செய்யுங்கள்.

இரண்டாவது காரியம் கஷ்டமானது. சர்க்கார் காகிதம் வந்ததும் யாரும் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பால் வாங்க மாட்டார்கள். யாராவது ஒருவர் முதலில் வாங்க வேண்டும், நாலு பேர் பார்க்க.

ஜுபைதா


சேசு மரி சூசை

பென்னாகரம்
30-8-1969

அன்புள்ள ஜுபைதா கண்ணுக்கு,

வாங்கினேன். காலையில் குழாயடியில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, பெரிய சொம்பாக எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏரித் தண்ணி கலக்கலை, பரவாயில்லையா?" என்றாள். "கலக்காட்டி எனக்குச் செரிக்காதே" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அளந்ததற்கு மேல் ஒரு கை கூடவே ஊற்றினாள். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தைக்கூட நிமிர்த்தாமல் பார்த்தார்கள். சாயங்காலம் தங்கம்மாளின் மாமியார் வந்து வாங்கிப் போனாள். நான் சொன்னது தப்பு என்று உன் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொம்பு சொல்லியிருக்கும்.

இனி உன் குப்பிகளின் கதை. இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் அவற்றை என் வீட்டில் வைத்துவிட்டு, "பொம்பளைங்ககிட்ட நான் எப்படிங்கம்மா இதைக் கேக்கறது" என்று நழுவிவிட்டார். சமையல்காரர் சவுரியப்பனிடம் போனேன். "சோறாக்கினவன்கிட்ட சோத்தைக் கேளுங்க, இதையா கேப்பீங்க?" என்று குதித்தார். கறிவேப்பிலை ஆய்ந்து கொடுத்த காவேரி, "இதைக் கேக்க உங்களுக்கே வெக்கமா இல்லீங்களாக்கா?" என்றாள். எனக்கும் வெட்கம்தான். அதனால் முதல் குப்பி என்னுடையது, பாருங்கள் என்று தூக்கிக் காட்டினேன். தலைவி செய்தால் படை செய்யும். ஒரு வாரத்தில் அத்தனை குப்பியும் நிரம்பின. என் சீட்டை நானே எழுதி ஒட்டினேன், மற்றவர்கள் பெயரை இன்ஸ்பெக்டர் வந்து எழுதினார். உன் அம்மாவும் ஒன்று கொடுத்தாள், என் கையில் தராமல் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மரப்பெட்டியைத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனேன். போஸ்ட்மாஸ்டர் ராஜப்பன் மேல்சீட்டைப் படிக்காமலே, "மெட்ராசுக்குப் பலகாரமாங்கம்மா?" என்றார். "பத்திரமா வைங்க, எறும்பு வந்துறப் போகுது" என்றேன். சீட்டைப் படித்ததும் பெட்டியைக் கீழே வைத்து, போய்க் கை கழுவினார்.

யார் அந்த ஆள் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் எழுது. ஊரைப் படுக்க வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலத் திரிகிற அவளை நான் ஒரு கை பார்க்க வேண்டும். என் பந்தலின் பெயரைக் கெடுத்துவிட்டாள்.

அத்தை


சேசு மரி சூசை

பென்னாகரம்
20-9-1969

ஜுபைதாவுக்கு,

ஏன் பதில் இல்லை? தபால்காரரைத் தினம் கேட்டுக் கேட்டு அவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் வேகமாகப் போகிறது.

உன் அம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முந்தாநாள் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து, "பொண்ணுகிட்டேருந்து கடுதாசி இல்ல, என்னான்னு கேட்டு எழுது மதலேனு" என்றாள். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி பேனாவை எடுத்தேன். ஆக, இந்தக் கடிதத்தில் உன் அம்மா சொல்வது: உடம்பு சரியில்லையா? சம்பந்தம் ஏதும் பேசிவிட்டாயா? பின்னதற்கு நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

நான் சொல்வது: பெயரைச் சொல்லு. காவேரிதானே? அவள் நகம் வெட்டி நான் பார்த்ததே இல்லை.

அத்தை


786

சென்னை
26-9-1969

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. சம்பந்தம் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தின் மீதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது உங்கள் இஷ்டம்.

குப்பிகளில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தது. பேஜ் விட்டுப் பார்த்தோம். ஓ வகைத் துளி விழுந்த இடத்தில் வட்டமாகத் தெளிந்தது, தங்கம்மாளின் தட்டில் தெளிந்த அதே இடத்தில். டாக்டரம்மா எண்ணைச் சொன்னார். நான் குப்பியை எடுத்துத் திருப்பினேன். சீட்டில் இருந்த கையெழுத்தைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கடிதம் எல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்தில்தான் வந்திருக்கிறது.

தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அதனால்தான் தாமதம். தப்பு இல்லை, அத்தை.

காவேரி இல்லை. நீங்கள்தான்.

அல்போன்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு வந்த அந்தக் காய்ச்சல் டைபாய்டுதான். நீங்கள் பிழைத்தீர்கள், கிருமியும் பிழைத்துக்கொண்டது. சிலருக்குப் பித்தப்பையில் போய்த் தங்கிவிடும். அவர்களை ஒன்றும் செய்யாது. விட்டு விட்டுத்தான் வெளியே வரும், அதனால் எல்லா வருஷமும் காய்ச்சல் வந்திருக்காது. விலாவுக்குக் கீழே வாயு என்கிறீர்களே, அது வாயு இல்லை, பித்தப்பையில் கல் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார். கல் இருந்தால் கிருமிக்குக் கோட்டை கிடைத்த மாதிரி. வீட்டில் நீங்கள் சமைப்பது கொதித்துவிடுகிறது. மோர் கொதிப்பதில்லை. அதை நீங்கள் முழங்கை வரை கைவிட்டுக் கரைக்கிறீர்கள், நேர்ச்சை அப்படி.

உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. இதை நூறு தடவை எழுத வேண்டுமென்றாலும் எழுதுகிறேன். இதற்கு வைத்தியம் இருக்கிறது. பதில் எழுதுங்கள்.

ஜுபைதா


பென்னாகரம்
5-10-1969

ஜுபைதாவுக்கு,

படித்தேன்.

பிழைக்க வைத்ததற்கு நன்றி சொல்லி, அந்தச் சாவையே வருஷா வருஷம் டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உபவாசம் வேறு இருந்து.

நான் என் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதைத் தொடுவது என்று தெரியவில்லை. அடுப்பு மூட்டவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காதே. உனக்குப் பத்து வயதில் வந்ததே, அதுவும் ஒரு ஆனி மாதம்தான், திருவிழா முடிந்து கொஞ்ச நாளில். உன் முடி முழுக்கப் போயிற்று. அதுவும் நான் கொடுத்ததா?

மதலேனம்மாள்


786

சென்னை
11-10-1969

அன்புள்ள அத்தை,

எனக்குத் தெரியாது. அந்த வயதில் என்னிடமிருந்து யாரும் கிருமி எடுத்து வைக்கவில்லை, பேஜ் விட்டுப் பார்க்கவில்லை. இனி யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உங்களிடம் அது செல்லாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மா பால் ஊற்றப் போய்விடுவாள். நீங்கள் வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்லிக் கஞ்சி ஊட்டுவீர்கள். நான் துப்புவேன். நீங்கள் திட்டுவீர்கள், மறுபடி ஊட்டுவீர்கள். மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதபோது உங்கள் கல்யாணப் பட்டுச் சேலையில் முந்தானையைக் கிழித்து முக்காடு தைத்துக் கொடுத்தீர்கள். இது அத்தனையும் அந்தக் கைதான். அந்தக் கையை வெட்டி எறிய வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அடுப்பை மூட்டுங்கள். கழிவறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்பும் நன்றாகக் கழுவுங்கள். கொதிக்கிற எதையும் நீங்கள் சமைக்கலாம்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவோடு படித்தவர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்கிறார். பித்தப்பையை எடுத்துவிட்டு, ஆம்பிசிலின் என்ற மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும் என்கிறார்கள். உங்கள் வலியும் போகும். நான் லீவு போட்டு வருகிறேன். வர மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள்
ஜுபைதா


சேசு மரி சூசை

சேலம் ஆஸ்பத்திரி
2-2-1970

அன்புள்ள ஜுபைதா கண்ணுக்கு,

நீ சென்னை பஸ் ஏறிய மறுநாள் தையல் பிரித்தார்கள். கத்தினேன் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே.

பித்தப்பையில் இருந்த கற்களை ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கொண்டைக்கடலை மாதிரி இருக்கின்றன. இத்தனை வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவர்கள். ஊருக்குப் போனதும் தெருவில் எல்லோருக்கும் காட்டப்போகிறேன். அந்த ஆள் யார் என்று யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. காவேரியிடமும் பேச வேண்டும். நகத்தைப் பற்றி நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, ஆனாலும் என்னவோ உறுத்துகிறது.

உன் அம்மா எருமையைத் தங்கம்மாள் வீட்டில் ஒப்படைத்துவிட்டு என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடக்கிறாள். முதல் ராத்திரி மயக்கம் தெளிந்து, "ஏரித் தண்ணின்னு சொன்னது தப்பு ஜான் பீ" என்றேனாம். "இதைச் சொல்ல உனக்கு வயித்தை அறுக்க வேண்டியிருக்கு" என்றாளாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

அவள் சொல்வது: பக்கத்துக் கட்டில்காரி மகன் தபாலாபீசில் இருக்கிறான், பையன் நம்ம ஆளுங்கதான். நான் எழுத மாட்டேன் என்றேன், எழுதச் சொல்லி மிரட்டுகிறாள்.

அத்தை


786

சென்னை
20-5-1970

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் மாதா மாதம் அனுப்பிய குப்பிகள் எல்லாம் சுத்தம். ஏப்ரல் சுத்தம், மே சுத்தம். வளர்ந்தால்தானே பேஜ் விட்டுப் பார்ப்பதற்கு? டெல்லிக் குப்பி திறக்கப்படாமலே ஐஸ் பெட்டிக்குத் திரும்பிப் போனது.

நேர்ச்சையைச் செலுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். செலுத்தலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். கைவிடக் கூடாது, நீளமான அகப்பையால் கலக்குங்கள். முழங்கை வரை சோப்பு. அகப்பையைப் பிடிப்பது உங்கள் கைதானே, அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். சாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தபாலாபீஸ் பையனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உயரம் எவ்வளவு என்று மட்டும் விசாரிக்கலாம்.

ஜுபைதா


சேசு மரி சூசை

பென்னாகரம்
28-7-1970

அன்புள்ள ஜுபைதா கண்ணுக்கு,

திருவிழா முடிந்தும் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். காய்ச்சல் வருகிற காலம் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். ஆடி பாதி ஆகிறது. தெருவில் ஒருவர்கூடப் படுக்கவில்லை. தினம் காலையில் எழுந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எந்த வீட்டிலாவது அனத்துகிற சத்தம் கேட்கிறதா என்று. ஒரு நாள் சவுரியப்பன் தும்மியதற்குக்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மூக்குப்பொடி போட்டிருந்தாராம்.

திருவிழா அன்றைக்கு நடந்ததைக் கேள். பந்தல் போட்டு, தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, எல்லோரும் பார்க்கும்படி முழங்கை வரை சிவப்பு சோப்புப் போட்டுக் கழுவினேன். அகப்பையால் கலக்கினேன். பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. நல்ல வெயில். போன வருஷமெல்லாம் இடித்துக்கொண்டு வருவார்கள். இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. புளியமரத்து நிழலில் கும்பலாக நின்று வேறெங்கோ பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லை எல்லோருக்கும் காட்டியவள் நான்தானே? சாமியார் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூலி கொடுக்காமல் நிறுத்தி வைத்த ஆள் மாதிரி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பானையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போது உன் அம்மா வந்தாள். தயிர்க்குடம் இறக்கப் பின்பக்கமாக வருவாளே தவிர, பந்தலுக்கு முன்னால் அவள் ஒரு நாளும் வந்ததில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு, அத்தனை கும்பலையும் விலக்கிக்கொண்டு நேராக வந்தாள். கையில் அவள் வீட்டுப் பெரிய சொம்பு.

"ஊத்து மதலேனு" என்றாள்.

ஊற்றினேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கும்பல் முழுக்க அவள் தொண்டையைப் பார்த்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு கம்மி" என்று புளியமரம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இருந்தாலும் இன்னொண்ணு ஊத்து."

அவளுக்குப் பின்னால் தங்கம்மாள் வந்தாள். முடி கழுத்து வரைக்கும் வளர்ந்திருக்கிறது. அப்புறம் காவேரி. அப்புறம் எண்ண முடியவில்லை. சாமியார் வந்தபோது பானையின் அடி தெரிந்தது, அவருக்குப் பாதி டம்ளர்தான் கிடைத்தது.

இப்போது உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது: பையன் உன்னைவிட ஒரு சாண் உயரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், நீயும் வர வேண்டும். காய்ச்சல் யாருக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டாயா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன்.

"உப்பு கம்மின்னும் எழுது" என்கிறாள்.

அதையும் எழுதிவிட்டேன்.

அத்தை,
மதலேனம்மாள்